ஆறு ஊருக்கும் சிவப்புச் சீட்டு

யங்ஸ்டவுனில் ரோசலி ஹூடாக்கின் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அவளைத் திட்டாமல் போனதில்லை. ரயில் வருகிறதோ இல்லையோ, தண்டவாளத்தைக் கண்டால் அவள் வண்டி நின்றுவிடும். ரேடியோவை அணைப்பாள். கண்ணாடியை இறக்குவாள். ஜனவரிக் குளிர் உள்ளே புகுந்து மூக்கை அறுத்தாலும் சரி, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அது சட்டம். சொந்தக் காருக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று யாராவது எடுத்துச் சொன்னால், "எனக்குத் தெரியும், என் காலுக்குத் தெரியலையே" என்பாள்.

அறுபத்தொரு வயது. குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே அவள் தலை தெரிவதற்கே இருக்கையில் ஒரு தலையணை வேண்டும். ஆனால் அறுபது பிள்ளைகள் கூச்சல் போடும் பேருந்தில் அவள் ஒரு கையைத் தூக்கினால் போதும், தண்டவாளம் தாண்டும்வரை ஒரு சத்தம் வராது. புருஷன் ஆண்டி நுரையீரல் கெட்டுப்போய் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஊரின் தெற்கே மேப்பிள் மரத்தடியில் ஒரு செங்கல் வீடு, அடித்தளத்தில் ஆண்டியின் மீன்பிடித் தூண்டில்கள், பக்கத்துப் பேருந்தில் க்ளென்னா. ரோசலியின் உலகம் அவ்வளவுதான்.

க்ளென்னா ப்ரூவிட்டைப் பற்றிச் சொல்லாமல் ரோசலியைப் பற்றிச் சொல்ல முடியாது. நெட்டை. கென்டக்கி மலைப்பக்கத்துக் குடும்பம், சிரித்தால் பணிமனை முழுக்கக் கேட்கும். அவள் பேருந்து பதினான்காம் எண், ரோசலியுடையது பதினைந்து. இருபத்தாறு வருஷம் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. காலை ஐந்தரைக்கு ரோசலியின் பிளாஸ்க்கில் காப்பி, க்ளென்னாவின் பொட்டலத்தில் டோனட். ஆண்டி செத்த பிறகு நாற்பது நாள் க்ளென்னா ரோசலியின் சோபாவில் படுத்துக் கிடந்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிவி பார்த்தாள், சிப்ஸ் தின்றாள், குறட்டை விட்டாள். ரோசலிக்கு அதுதான் தேவைப்பட்டது. நாற்பத்தோராம் நாள் கிளம்பும்போது, "நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனதும் ஒட்டின மாதிரி ரெண்டு வீடு பாப்போம்டி. நடுவுல ஒரே சுவர். காப்பி போட்டா மூணு தட்டு தட்டு, வந்துடறேன்" என்றாள். அன்றைக்கே ரோசலி மனசுக்குள் அந்தச் சுவரைக் கட்டிவிட்டாள்.

எந்த ஊரில் என்பதுதான் பாக்கி. அதற்கும் ஒருநாள் வழி பிறந்தது. பணிமனையின் சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒரு பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒஹாயோ மாநிலத்தில் குடியிருக்க எந்தப் பெருநகரம் உசத்தி, எது மட்டம் என்று வரிசை. வருஷா வருஷம் வருகிற வரிசைதான், வருஷா வருஷம் யங்ஸ்டவுன் கடைசியில்தான். ஓட்டுநர்கள் பத்துப் பேர் கொதித்தார்கள்.

"இந்த மார்க்குப் போட்டவன் எவனாவது பிப்ரவரி மாசம் இங்க ஒரு ரூட் ஓட்டியிருப்பானா?" என்று கேட்டாள் க்ளென்னா. "ஏண்டி ரோசலி, இவன் யாருடி நமக்குச் சொல்ல? நாமளே ஊர் ஊராப் போய்ப் பாப்போம். நம்ம சீட்டுலயே மார்க் போடுவோம்."

நம்ம சீட்டு என்றது, வண்டி எடுக்குமுன் ஓட்டுநர் நிரப்பும் பரிசோதனைச் சீட்டு. பிரேக், விளக்கு, ஹாரன், ஹீட்டர், டயர், அவசரக் கதவு என்று வரிசையாகக் கட்டம். எல்லாம் சரி என்றால்தான் வண்டி நகரும். ஒன்றே ஒன்று சரியில்லை என்றாலும் ஸ்டியரிங்கில் சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டு இறங்கிவிடலாம், மேலாளரே வந்து கெஞ்சினாலும் அந்த வண்டி அன்றைக்கு ஓடாது. ஊருக்கும் அதே விதி என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பிரேக் என்றால் அந்த ஊர்க்காரன் சிக்னலில் நிற்கிறானா. விளக்கு என்றால் தெரு வெளிச்சம். ஹீட்டர் குளிர்காலம், ஹாரன் அக்கம்பக்கம், அவசரக் கதவு ஆஸ்பத்திரி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் அந்த ஊர். ஒருத்தி சிவப்பு போட்டால் அடுத்த ஊர்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, சில ஊருக்கு இரண்டு மூன்று முறைகூடப் போனார்கள். போகும்போது ஒருத்தி ஓட்டுவாள், வரும்போது மற்றவள். ரோசலி ஹாம் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருவாள். கிளீவ்லேண்டுக்கு முதலில் போனார்கள், ஏரிப் பனி காரை மூடிவிட்டது, கடன் வாங்கின மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். சிவப்பு. ஆக்ரனில் மேடு பள்ளம், க்ளென்னாவின் முழங்காலுக்கு ஆகாது. சிவப்பு. கேன்டனில் பார்த்த வீட்டுக்கு எதிரே ஒரு நாய், நாள் முழுக்கக் குரைத்தது. சிவப்பு.

சின்சினாட்டிதான் வேடிக்கை. அங்கே எவரைப் பார்த்தாலும், அறுபது வயசுக்காரியிடம்கூட, "நீங்க எந்த ஹைஸ்கூல்?" என்றுதான் கேட்டார்கள். பதிலைக் கேட்டுவிட்டு ஆளை எடை போட்டார்கள்.

"யங்ஸ்டவுன்ல படிச்சேன்னு சொன்னதும் அந்தப் பொம்பள மூஞ்சி போன போக்கப் பாத்தியா?" என்றாள் ரோசலி.

"அத விடுடி. நூடுல்ஸ் தலையில கறிக்குழம்ப ஊத்தி, அதுல லவங்கப்பட்டையைப் போட்டு, மேல அரைக் கிலோ சீஸைத் தூவிக் குடுக்கறான். இதத் தின்னுட்டு இவனுக்கு நம்மளப் பாத்து இளக்காரமா? போடு சிவப்பு!"

டேட்டனும் அப்படியே போயிற்று. சூறாவளி எச்சரிக்கைச் சைரனைச் சோதித்த நேரத்தில் போய் மாட்டினார்கள், தினமும் புயல் வருமோ என்று க்ளென்னா பயந்தாள்.

டொலீடோவில் மட்டும் ரோசலியின் மனசு நின்றுவிட்டது. மாமி என்கிற ஆற்றங்கரை மேட்டில் ஒட்டின மாதிரி இரண்டு வீடு. நடுவில் ஒரே சுவர். உரிமையாளர் கிழவர் தச்சு வேலை தெரிந்தவர், சுவரில் ஒரு சின்னக் கதவுகூட வைத்துத் தருகிறேன் என்றார். ரோசலி ஒரு அறைக்குள் நின்று சுவரில் மூன்று தட்டு தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் அத்தனை கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டு நீட்டினாள். க்ளென்னா சீட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஜூன் மாசம் இங்க ஏரியிலேர்ந்து பூச்சி கிளம்பும்டி. ரோடே தெரியாதாம். காலை வெச்சா நெறுநெறுங்குமாம்."

"ரெண்டு வாரந்தானே க்ளென்னா. வீட்டுக்குள்ள இருப்போம்."

"பூச்சின்னா எனக்கு ஆகாது." சிவப்பு போட்டாள்.

விதி விதிதான். ரோசலி முகத்தில் எதையும் காட்டவில்லை. வண்டியில் ஏதோ சத்தம் என்று ஓட்டுகிறவள் சொன்னால், மற்றவள் எதிர்க்கேள்வி கேட்க மாட்டாள். அதுதான் தொழில் மரியாதை. கிழவர் மூன்று வாரம் காத்திருந்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

சொல்லப்போனால் ரோசலி ஒரு ஊருக்கும் சிவப்பு போட்டதில்லை. பனியில் புதைந்த கிளீவ்லேண்டிலும் டிக் போட்டாள், நாய் குரைத்த கேன்டனிலும் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்பது தெரிந்திருந்தது, மற்றதெல்லாம் அவளுக்குச் சமாளிக்கிற விஷயம்.

போன ஜூனில் க்ளென்னா ஓய்வுபெற்றாள். ரோசலிக்கு இன்னும் ஒரு வருஷம். பக்கத்தில் பதினான்காம் எண்ணை ஒரு புதுப் பெண் ஓட்ட ஆரம்பித்தாள், அவள் காப்பி குடிக்காதவள். க்ளென்னாவுக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் கிளீவ்லேண்டில் வைத்தியம், இரவு அத்தை மகள் வீட்டில் தங்கிவிட்டு புதன் மாலைதான் திரும்புவாள். ரோசலிதான் அவள் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு பூனைக்குச் சாப்பாடு போட்டாள். முழங்காலுக்கு நல்லது என்று எலும்பு சூப் வைத்து க்ளென்னாவின் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வருவாள்.

இந்த மார்ச்சில் க்ளென்னா சொன்னாள்: "கொலம்பஸ் ஒண்ணுதான் பாக்கி. அதையும் பாத்துட்டா இந்தக் கோடைக்குள்ள முடிவு பண்ணிடலாம்டி."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ரோசலி ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் வீட்டை விற்றாள். வாங்கினவர்கள் புதுசாகக் கல்யாணமான ஜோடி, பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று, மே மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். க்ளென்னாவை அசரடிக்க வேண்டும் என்பது ரோசலியின் ஆசை. வீட்டு ஏஜென்ட் டோரீனிடம் ஒரு உதவி கேட்டிருந்தாள். கொலம்பஸ் போகும் சனிக்கிழமை மத்தியானம் புல்வெளியில் பலகையை நட வேண்டும், 'விற்றாகிவிட்டது' என்ற பட்டையோடு. திரும்பி வரும்போது தெரு முனையிலேயே க்ளென்னா கண்ணில் படும். "அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!" என்று கத்துவாள். அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே ரோசலி மூன்று வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை க்ளென்னாவின் காரில் கிளம்பினார்கள், போகும்போது அவள் ஓட்டினாள். அவள் மகன் கோரி கொலம்பஸில்தான் இருக்கிறான். அவன் கல்யாணத்துக்கு யங்ஸ்டவுன் வழக்கப்படி, தெரிந்தவர்கள் சுட்டுத் தரும் பிஸ்கட்டையெல்லாம் அடுக்கிப் பிஸ்கட் மேஜை போட, ரோசலி பன்னிரண்டு டஜன் வால்நட் பிஸ்கட் சுட்டு அனுப்பியிருந்தாள். கல்யாணம் யங்ஸ்டவுன் தேவாலயத்தில் நடந்தது. கோரியின் கொலம்பஸ் வீட்டுக்கு இரண்டு பேரும் போனதே இல்லை என்றுதான் ரோசலி நினைத்திருந்தாள். "அவனுக்கு வேலை வேலை, எப்பவும் ஊர்லயே இருக்கறதில்ல" என்பாள் க்ளென்னா.

நெடுஞ்சாலையை விட்டு வடக்குப் புறநகருக்குள் இறங்கினார்கள். ரோசலி மடியில் சீட்டை வைத்துக்கொண்டு உற்சாகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். புது வீடுகள், கிளை வைக்காத சின்ன மரங்கள், ஒரு பெரிய தானியக் கிடங்கு. கிடங்கை ஒட்டிச் சாலை வளைந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அங்கே க்ளென்னாவின் கால் ஆக்சிலேட்டரை விட்டது.

வளைவுக்கு இந்தப் பக்கம் எச்சரிக்கைப் பலகை இல்லை. விளக்கு இல்லை. கார் மெதுவாகிறது. க்ளென்னாவின் இடது கை தானாகப் போய்க் கண்ணாடியை இறக்குகிறது, வலது கை ரேடியோவை அணைக்கிறது. வாய் என்னவோ பக்கத்துக் கடையில் கிடைக்கும் பன்றி விலாக் கறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. வளைவு திரும்பியது. கிடங்கின் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த தண்டவாளம் எதிரே வந்தது. கார் கச்சிதமாக அதற்கு முன்னால் போய் நின்றது.

ரோசலி க்ளென்னாவின் காலைப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத தண்டவாளத்துக்குக் கால் தூக்க வேண்டும் என்றால் அந்தப் பாதையில் ஒரு தடவை, இரண்டு தடவை போனால் போதாது. புது ரூட் கொடுத்தால் கால் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாசமாவது பிடிக்கும். இது வேறு எவருக்கும் தெரியாது. பேருந்து ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

"க்ளென்னா," என்றாள். "இந்த ரூட்டு எத்தன நாளா ஓட்டற?"

க்ளென்னா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மணி அடித்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன, கேட் இறங்கியது. சரக்கு ரயில். முதல் எஞ்சினே காரைக் குலுக்கியது.

"என்ன?" என்று கத்தினாள் ரோசலி.

"ஒண்ணர வருஷம்!" என்று கத்தினாள் க்ளென்னா.

பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன. கண்ணாடியை ஏற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான விஷயத்தை க்ளென்னா தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"கோரிக்குக் கொழந்த பொறந்துச்சில்ல! அப்பவே கேட்டான்! கராஜ் மேல ரூம் கட்டித் தரேன், வந்துடும்மான்னு! அன்னிக்கே சரின்னுட்டேன்!"

"செவ்வாக்கெழம?"

"கொழந்தையப் பாத்துக்க வருவேன்! ரிட்டயர் ஆகறதுக்கு முன்னால ஞாயித்துக்கெழம வருவேன்!"

"முழங்காலு?"

க்ளென்னா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "முழங்கால் நல்லாத்தான் இருக்கு!"

கடைசிப் பெட்டி போயிற்று. கேட் ஏறியது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

"எந்தச் சிவப்பு நெஜம்?" என்று கேட்டாள் ரோசலி.

"கிளீவ்லேண்ட் பனி நெஜம். ஆக்ரனும்... ஓரளவுக்கு நெஜந்தான்."

"டொலீடோ?"

க்ளென்னா இல்லை என்று தலையாட்டினாள். பூச்சிகூடப் பொய்.

"சொல்லியிருக்கலாம்ல. டொலீடோவுல அந்தச் சுவரத் தட்டினப்ப திருப்பித் தட்டினியே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதாண்டி கெளம்புவேன். நீ அந்த சாண்ட்விச்சக் கட்டிக்கிட்டு வந்து நிப்ப. சொல்லிட்டா அதோட முடிஞ்சுதில்ல? எனக்கு அந்தச் சனிக்கெழமைங்க வேணும் ரோசலி. அதான் ஒரு ஊரும் பாஸாக விடல." மூக்கை உறிஞ்சினாள். "உனக்கென்னடி? நீ எதையும் இழக்கலயே. உன் வீடு உனக்கு இருக்கு. ஆண்டி வெச்ச மரம் இருக்கு. நீ அங்கயிருந்து அசையவே மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

ரோசலி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. டோரீன் இன்னும் அரை மணியில் பலகையோடு வந்துவிடுவாள். அவளுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் என்ன ஆகப் போகிறது? கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

"எனக்கு பாத்ரூம் போகணும்," என்றாள் ரோசலி. நிஜமாகவே போக வேண்டியிருந்தது. துக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. கோரி வீடு இரண்டு நிமிஷத் தூரம்.

கோரி வாசலுக்கு வந்து இரண்டு பேரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "வாங்க மிஸ் ரோசலி! அப்பாடா, அம்மா ஒரு வழியாச் சொல்லிட்டாங்களா? எப்பக் கேட்டாலும், சொன்னா ரோசலிக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்டா, அவ வீட்ட விட்டு அவ எங்க வரப்போறான்னு சொல்வாங்க." பையன் மேல் தப்பில்லை. பதினான்காம் எண் பேருந்தின் முதல் இருக்கையில் வளர்ந்த பிள்ளை.

பாத்ரூம் கராஜுக்கு மேலே அந்த அறையில் இருந்தது. ரோசலி படியேறினாள். ஒற்றைக் கட்டில். பழைய பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டேன் என்று க்ளென்னா சொன்ன பச்சைச் சாய்வு நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. கதவுக்குப் பின்னால் பணிமனையில் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு, எண் பதினான்கு. ஜன்னல் திட்டில் வரிசையாக ஏழெட்டு காலிக் கண்ணாடி ஜாடிகள், கழுவிக் கவிழ்த்தபடி. ரோசலி சூப் ஊற்றிக் கொடுத்த ஜாடிகள். க்ளென்னா இங்கே எடுத்து வந்து, இவர்களோடு உட்கார்ந்து குடித்திருக்கிறாள். ரோசலிக்கு அங்கேதான் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு இறங்கி, "நல்ல ரூம் கோரி, வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள்.

திரும்பும்போது அவள் முறை. தலையணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் க்ளென்னா என்னென்னவோ பேசிப் பார்த்தாள். மாசம் ஒரு தடவை வருவேன் என்றாள். நீயும் வந்து தங்கு, சாய்வு நாற்காலி நீளும் என்றாள். ரோசலி சாலையைப் பார்த்து ஓட்டினாள். வழியில் வந்த எட்டுத் தண்டவாளத்திலும் நின்றாள், எட்டிலும் காதுகொடுத்தாள்.

யங்ஸ்டவுனில் தெரு திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. மேப்பிள் மரத்தடியில் பலகை நின்றது. டோரீன் சொன்ன நேரத்துக்குச் செய்கிறவள். அந்தப் பட்டையைப் பெரிதாகவே ஒட்டியிருந்தாள்.

க்ளென்னா முதலில் பக்கத்து வீட்டுப் பலகை என்று நினைத்தாள். பிறகு இல்லை என்று புரிந்தது.

"ரோசலி. இது என்னடி?"

"வித்துட்டேன். மே கடைசியில காலி பண்ணணும்." ரோசலி எஞ்சினை அணைத்தாள். "உன்ன அசத்தணும்னு இன்னிக்கு வெக்கச் சொன்னேன்."

க்ளென்னா கத்தவில்லை. இத்தனை நாள் ரோசலி காத்திருந்த அந்தக் கத்தல் வரவில்லை. கை வாயைப் பொத்திக்கொண்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள், தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்து, நிறுத்திக்கொண்டாள்.

ரோசலி இறங்கினாள். பின்கதவைத் திறந்து, குனிந்து, இருக்கையை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தாள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து போய், தூங்கிப்போன பிள்ளை எதுவும் உள்ளே தங்கிவிடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டுநர் இறங்க வேண்டும். அதுவும் காலுக்குப் பழகினது.

"இருபத்தாறு வருஷத்துல நீ ஒரு கொழந்தையக்கூட வண்டியில விட்டுட்டு எறங்கினதில்ல க்ளென்னா," என்றாள், இன்னும் குனிந்தபடியே.

க்ளென்னா அழ ஆரம்பித்தாள். ரோசலி நிமிர்ந்து கதவைச் சாத்தினாள். கைப்பையைத் துழாவி க்ளென்னா வீட்டுச் சாவியை எடுத்து, ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள்.

"செவ்வாக்கெழமைக்குப் பூனையப் பாத்துக்க வேற ஆள் தேடிக்கோ."

பலகையைச் சுற்றிக்கொண்டு நடந்து, இன்னும் ஆறு வாரம் அவளுடையதாக இருந்த வீட்டைத் திறந்து உள்ளே போனாள்.